பிள்ளையை எடை போடும்போது பெற்றவளையும் பாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைச் செயலாளர் அவர்களுக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயையும் குழந்தையையும் முதல் ஆறு வாரம் வீட்டுக்கே போய்ப் பார்க்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டம் என்று 2011இல் நாடு முழுக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும். மற்ற மாநிலங்களில் ஆஷா பணியாளர் வருவார். நம் மாநிலத்தில் பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியர்தான், எங்கள் ஊர் வழக்கில் நர்சம்மா. அந்த ஆறு வருகையிலும் குழந்தையைப் பார்க்கிற அதே அக்கறையோடு பெற்றவளையும் பாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக ஒரு திட்டமோ அதற்கொரு பெயரோ கேட்கவில்லை. இருக்கிற வருகையில் தாய்க்கென்று அரை மணி நேரம் வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்குப் பக்கத்து ஊர் என் தாய்வீடு. தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் வந்தேன். என் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது ஆகிறது. நன்றாக இருக்கிறாள், நானும் நன்றாக இருக்கிறேன். எங்கள் தெருவிலும் எங்கள் மகளிர் குழுவிலும் எனக்கு முன்னும் பின்னும் பிள்ளை பெற்றவர்கள் பலர். அவர்களோடு பேசிப் பேசித்தான் இதை எழுதும் துணிவு வந்தது.

முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், மனதாரச் சொல்கிறேன். என் பாட்டி காலத்தில் பிரசவம் என்றால் வீட்டின் பின்கட்டில் மருத்துவச்சி வந்து பார்ப்பதுதான். இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாயாக இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவளுக்கு 2015 முதல் 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் ஒன்றும் கொடுக்கிறீர்கள். துண்டு, சட்டை, கொசுவலை, எண்ணெய், கிலுகிலுப்பை என்று பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. தாய்க்கு ஒரு குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் கூட. வீட்டில் கொண்டுவிட 102 வண்டி காசில்லாமல் வருகிறது. இதையெல்லாம் செய்த துறையால் நான் கேட்பதையும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையில்தான் வேறு யாருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த 102 வண்டி வாசலில் இறக்கிவிட்டுப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 அறுவை சிகிச்சைதான். நாட்டின் சராசரி இதில் பாதிகூட இல்லை. அந்த எண்ணிக்கை சரியா தவறா என்பது வேறு விவாதம், அதை இங்கே எடுக்கவில்லை. வயிற்றைத் திறந்து அடுக்கடுக்காகத் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் பெண்கள் நம் ஊரில் அத்தனை பேர் என்பதுதான் எனக்கு முக்கியம். வேறு எந்த வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரையும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்ப மாட்டார்கள். இவள் எழுந்தாக வேண்டும். கட்டில் இல்லாத வீட்டில் பாயிலிருந்து எழ வேண்டும். ஒரு கையைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் புரண்டு, முழங்காலில் நின்று, அதற்கப்புறம் எழுவது எப்படி என்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அவர்களுடைய வலியிலிருந்து கற்றதை எனக்குச் சொன்னார்கள். இருமினாலும் தும்மினாலும் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள் என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

அப்புறம் பால் கட்டுவது. மார்பு கல்லாகி, தொட்டாலே உயிர் போகும். குழந்தை வாயைச் சரியாக வைக்காவிட்டால் காம்பு வெடித்து ரத்தம் வரும். ஒவ்வொரு முறை பிள்ளை அழும்போதும், பசியில் அழுகிறது என்ற இரக்கத்துக்கு முன்னால் ஐயோ மறுபடியுமா என்ற பயம் வருகிறது. எங்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் அவளுக்கும் அப்படித்தான். காம்பை மட்டும் அல்ல, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் குழந்தையின் வாய்க்குள் கொடுக்க வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஒருமுறை சரிசெய்து காட்டினால் பாதி வலி போய்விடும். படம் போட்ட சுவரொட்டி மருத்துவமனையில் ஒட்டியிருக்கிறது. ஆனால் பால் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கு மேல்தான் நன்றாக இறங்குகிறது. சுகப்பிரசவம் ஆனவள் அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பாள். உதவி தேவைப்படுவது வீட்டுக்கு வந்த பிறகு.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லாரும் சொல்கிற ஒரு வார்த்தை வந்து விழுகிறது: "பால் பத்தலை."

பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரும் அதைச் சொல்வார்கள். பிள்ளை அழுதால் பால் பத்தலை, தூங்காவிட்டால் பால் பத்தலை, இளைத்த மாதிரித் தெரிந்தால் நிச்சயமாகப் பால் பத்தலை. அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவளின் உடம்பில் மிச்சம் இருக்கும் தெம்பையும் அது எடுத்துவிடுகிறது. நான் ஒரு குறை உள்ள தாய் என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். அடுத்த நாள் மருந்துக்கடையிலிருந்து பவுடர் டின் வருகிறது. டின் பால் குடித்த பிள்ளை மார்பில் குறைவாகக் குடிக்கிறது. குறைவாகக் குடித்தால் குறைவாகவே சுரக்கும். அப்புறம் உண்மையிலேயே பத்தாமல் போகிறது.

பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறையும் என்பது உங்கள் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரியும். 7 விழுக்காடு, சில சமயம் 10 விழுக்காடு வரைகூடக் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். மூன்று கிலோ குழந்தை கால் கிலோ குறைந்தால் பதற வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்பது இயல்பு. ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு துணிக்குக் குறையாமல் நனைத்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். இந்த நான்கு வரியைப் பெற்றவளிடம் மட்டும் சொன்னால் போதாது. பாட்டியிடமும் மாமியாரிடமும் சொல்ல வேண்டும். தராசோடு வருகிற நர்சம்மா சொன்னால் அவர்கள் கேட்பார்கள். நான் சொன்னால் "நேத்துப் பொறந்த பிள்ளைக்கு நீ என்ன கண்ட" என்பார்கள்.

எங்கள் வீட்டில் முதல் வருகையின்போது எடை 200 கிராம் குறைந்திருந்தது. "வெயிட்டு குறைஞ்சிருக்கே, பால் நல்லா குடுங்க" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசப்பட்டது. வந்தவரை நான் குற்றம் சொல்லவில்லை. அன்று அவர் இன்னும் எத்தனை வீடு ஏற வேண்டியிருந்ததோ. ஆனால் அதே மூச்சில் "இது எல்லாக் குழந்தைக்கும் குறையும், அடுத்த வாரம் ஏறிடும்" என்று சொல்லியிருந்தால் என் மகளுக்கு அந்த டின் வந்திருக்காது.

மனதைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

பிரசவம் ஆன நான்காம் ஐந்தாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருகிறது. உடம்பில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும், தூக்கமில்லாததும், வலியும் சேர்ந்து வருவது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். வடியாமல் நீள்வதுதான் மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் ஒரு கட்டுரை வந்தது. பிரசவித்த பெண்களில் 22 விழுக்காட்டினருக்கு இந்தச் சோர்வு என்பது அதன் கணக்கு. ஐந்தில் ஒருத்திக்கு. இத்தனை பேருக்கு வரும் ஒன்றை நம் ஊரில் யாரும் நோய் என்று நினைப்பதில்லை. திருஷ்டி என்கிறார்கள், காத்து கருப்பு என்கிறார்கள், படிச்ச திமிரு என்றும் சொல்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதி 2002இல் வெளியிட்டார்கள். 11 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால், வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் குழந்தை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்களுக்கு, கர்ப்ப காலத்தில் பெரிய துன்பம் கண்டவர்களுக்கு, கை வேலைக்கு உதவி இல்லாதவர்களுக்கு. இந்தக் காரணங்களைப் படித்தபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் எடுக்கிற எந்த ரத்தப் பரிசோதனையிலும் இவை தெரியாது. வீட்டுக்குள் வந்து உட்காருகிறவருக்குத்தான் தெரியும். உங்கள் துறையில் பிள்ளை பெற்றவளின் வீட்டுக்குள் வருகிற ஆள் நர்சம்மா மட்டும்தான்.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில வாரங்கள் என் மகளைப் பார்த்தால் எனக்குள் எதுவும் எழவில்லை. பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், எல்லாம் செய்தேன். பிள்ளை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூச்சு விடுகிறாளா என்று இரவு முழுக்க அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த மருந்து அது, அன்பாகத்தான் செய்தார்கள். எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மா இருக்கிறார். பிள்ளையைப் பார்க்க வந்தவர், என் அம்மாவிடம் "ஒரு காபி போட்டுக் கொண்டாங்க" என்று சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏம்மா, புள்ள தூங்குறப்ப உனக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டார். பிரசவம் ஆனதிலிருந்து என்னைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அழுது தீர்த்தேன். அவர் பதறவில்லை. இது வருகிறதுதான், வைத்தியம் இருக்கிறது, உன் தப்பு இல்லை என்றார். அன்று மாலையே என் கணவரைக் கைபேசியில் கூப்பிட்டு, ஊருக்கு வருகிற நாளிலாவது நீங்கள் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு இவளைத் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்க விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் எந்தக் கிழமை போக வேண்டும் என்றும் சொன்னார். போனேன். மாத்திரை சாப்பிட்டேன், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைதான் என்று மருத்துவர் விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன்.

அந்த நர்சம்மாவுக்கு எங்கள் தெருவில் வீடு இருந்தது என் அதிர்ஷ்டம். அடுத்த தெருப் பெண்ணுக்கு அது இல்லை. அவளுக்கும் கிடைக்கச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

இதற்குக் கருவி ஏதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிரசவித்த பெண்ணின் மனநிலையை அறிய எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் 1987 முதல் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும் எளிய கேள்விகள். சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது போல. ஐந்து நிமிடம் ஆகும். அதன் தமிழ் வடிவத்தை வேலூரிலேயே சோதித்துப் பார்த்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2022 மார்ச்சில் வெளியிட்ட பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்புப் பரிந்துரைகளில், தாய்மாருக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும் என்கிறது. 14ஆம் நாளும் 42ஆம் நாளும் அந்தப் பத்துக் கேள்வியை நர்சம்மா கேட்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். ஆனால் தனியாகக் கேட்க வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். மாமியார் அருகில் நிற்கும்போது "நல்லா இருக்கியா" என்று கேட்டால் எந்த மருமகளும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள். அம்மா அருகில் நின்றாலும் அதே பதில்தான் வரும்.

அந்தப் பதில்களில் சோர்வைக் காட்டும் மதிப்பெண் அதிகமாக வந்தால் அடுத்து எங்கே என்பதையும் முன்பே வகுத்துவிட வேண்டும். 14416 என்ற மனநல எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். நம் மாநிலத்துக்கு 104ம் இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் பிரசவித்த ஒரு பெண்ணின் வீட்டுச் சுவரிலாவது நான் பார்த்ததில்லை. பெட்டகத்தின் பையில் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிடுங்கள். அந்தப் பையைத்தான் எல்லாரும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம்.

உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் தாய் சேய் நல அட்டையில் பிரசவத்துக்குப் பின் தாய்க்கென்று கட்டங்கள் இருந்தன. ரத்த அழுத்தம், காய்ச்சல், ரத்தப்போக்கு. அவை வெறுமையாகவே கிடந்தன. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கட்டம் மட்டும் நிரம்பியிருந்தது. காப்பர்-டி பற்றிக் கேட்பது தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகும் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எங்கள் பக்கம் பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி என்றால் "பனி பட்டுடுச்சு" என்று பற்றுப் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். துர்நாற்றத்தோடு போக்கு, குளிர் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, இவை எதையும் வீட்டு வைத்தியத்தில் விடக்கூடாது என்று முதல் வருகையிலேயே வீட்டாரைக் கூட்டி வைத்துச் சொல்லுங்கள்.

பத்தியம் பற்றி உங்கள் பணியாளர்கள் பேசும் விதத்தில் எனக்கு ஒரு வேண்டுகோள். பழசெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே அடியாக அடிக்காதீர்கள். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் அடுப்படிக்கு விடாதே என்ற வழக்கம் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் நல்ல சாப்பாடு. லேகியத்தை நீங்களே பெட்டகத்தில் வைத்துக் கொடுக்கிறீர்கள். ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். கீரை குளிர்ச்சி, பழம் குளிர்ச்சி என்று நிறுத்துகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது பாதி வீடுகளில் தெரியாது, மாசமா இருக்கும்போது சாப்பிட்டது போதும் என்று டப்பாவை மூடி வைத்துவிடுகிறார்கள். பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை என்று நாக்கில் தொட்டு வைப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, வசம்பு உரசிக் கொடுப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. இவற்றை மட்டும் எடுத்து, "அம்மா, இதை விட்டுடுங்க, மத்ததெல்லாம் நீங்க செய்றது சரிதான்" என்று பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அவர்கள் கேட்பார்கள். என் அம்மாவிடம் ஓய்வு பெற்ற நர்சம்மா அப்படித்தான் பேசினார். மறுநாள் முதல் என் பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர் இருந்தது.

நர்சம்மாக்களின் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. தடுப்பூசி நாள், கர்ப்பிணிப் பதிவு, கைபேசிச் செயலியில் ஏற்றுவது, முகாம், கூட்டம் என்று அவர்களுக்குப் பகல் போதவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் சிலருக்கு "பாப்பா நல்லா இருக்கா, பால் குடிக்குதா" என்று கைபேசியில் கேட்டதே ஒரு வருகையாக முடிந்துபோனது. பதிவேட்டில் ஆறு வருகை இருந்தால் உங்களுக்கு வேலை நடந்ததாகத் தெரியும். இந்த நிலையில் அவர்கள் தலையில் இன்னொரு படிவத்தை ஏற்றினால் அதுவும் இதே மாதிரிதான் நிரம்பும். ஆகவே காலியிடங்களை நிரப்புங்கள், ஒரே தகவலை இரண்டு மூன்று இடத்தில் எழுத வைப்பதை நிறுத்துங்கள், வீட்டில் உட்காரும் அரை மணி நேரத்தை வேலையாகக் கணக்கில் எடுங்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. அதில் வேலை செய்யும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள்தான், பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். அவர்களில் சிலருக்குத் தாய்ப்பால் கொடுக்க உதவவும் ஆபத்து அறிகுறிகளைக் கண்டறியவும் பயிற்சி கொடுத்தால், நர்சம்மா வராத நாளில் அவர்கள் எட்டிப் பார்க்கலாம். அதற்கான ஊதியத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் உடனே கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. நம் வழக்கத்தில் பெண் கர்ப்பமானதும் புகுந்த வீட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்கிறாள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வருகிறாள், அங்கே பிரசவிக்கிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்புகிறாள். முதல் ஆறு வாரம் அவள் யாருடைய பொறுப்பு? பதிவு இருக்கிற ஊர் நர்சம்மாவுக்கு அவள் ஊரில் இல்லை. இருக்கிற ஊர் நர்சம்மாவுக்கு அவள் பட்டியலில் இல்லை. தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆனால் இன்னும் மோசம், பெண் வீடு வந்ததே யாருக்கும் தெரியாது. பிறப்புச் சான்றிதழுக்குப் பதிவு எண் கட்டாயம் என்று வைத்து ஒவ்வொரு கர்ப்பத்தையும் பிக்மி இணையதளத்தில் கொண்டுவந்த துறை நீங்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் அன்றே "இங்கிருந்து எந்த வீட்டுக்குப் போகிறீர்கள்" என்று ஒரு கேள்வி கேட்டு, அந்த ஊர்ச் செவிலியரின் கைபேசிக்குத் தகவல் போகும்படி செய்வது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அது தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்த வேண்டும்.

தகப்பன்மாரை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. ஒன்றிய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது. தனியாரில் வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. என் கணவர் ஒரகடத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். ஞாயிறு வந்து ஞாயிறே திரும்பினார். விடுப்புச் சட்டம் உங்கள் துறையின் கையில் இல்லை, சரி. ஆனால் மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளில் கட்டணமோ கையெழுத்தோ வாங்கத் தகப்பனைக் கூப்பிடுகிறார்கள் அல்லவா, அப்போது அவரைக் கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். தாய்க்குத் தொடர்ந்து தூக்கம் ஏன் வேண்டும், எந்த அறிகுறி வந்தால் வண்டியைக் கூப்பிட வேண்டும், மனம் சோர்ந்தால் எந்த எண்ணை அழைக்க வேண்டும், பெண் குழந்தை என்று யாராவது முகம் சுளித்தால் அவர்தான் முன்னால் நிற்க வேண்டும். மருத்துவமனையில் எந்தச் சுகாதாரப் பணியாளரும் தன்னிடம் இப்படிப் பேசியதில்லை என்று என் கணவரே சொல்கிறார், பேசியிருந்தால் கேட்டிருப்பேன் என்றும் சொல்கிறார்.

அந்தப் பத்துக் கேள்விகளை உங்கள் அட்டையில் சேர்க்க முடிவு செய்தால், அச்சுக்குப் போகும் முன் எங்களுக்கு ஒரு படி அனுப்புங்கள். எங்கள் குழுவில் 20 வயதில் பிள்ளை பெற்றவளும் இருக்கிறாள், மருமகளுக்குப் பிரசவம் பார்த்த மாமியாரும் இருக்கிறார். எந்தச் சொல் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புரியும், எது புரியாது, எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் கூச்சப்படாமல் பதில் வரும் என்று உட்கார்ந்து படித்து எழுதி அனுப்புகிறோம். எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களிடமே முதலில் கேட்டுப் பார்க்கலாம். நர்சம்மாவுக்கும் சம்மதம் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செஞ்சி வட்டத்திலிருந்து ஒரு தாய்